கோதிக் கதை எழுதுகிறவருக்குக் கற்பனை எங்கே தேவைப்படுகிறது?

கேள்வி இது: “பழைய கோட்டை, மர்மம், அச்சம் என்று போகும் கோதிக் வகைக் கதைகளை விரும்பிப் படிக்கிறேன். எழுதவும் ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் புதிதாக ஒரு பேயோ சாபமோ தோன்றுவதில்லை. தோன்றுவதெல்லாம் ஏற்கெனவே படித்த பாழடைந்த மாளிகையும் இடி மின்னலும்தான். கற்பனை வளம் இல்லாதவர்கள் இந்த வகையைத் தொடக்கூடாதா? தொட்டால், கடைசியில் மர்மத்தை விளக்கிவிட வேண்டுமா?”

தாராளமாகத் தொடலாம். பல ஆண்டுகளாக இந்த வகைக் கதைகளைப் படித்தும் எழுதியும் பிறர் எழுதியவற்றைத் திருத்திக் கொடுத்தும் வருகிறேன். கற்பனை போதாமல் கெட்டுப்போன கோதிக் கதையை நான் அதிகம் பார்த்ததில்லை. செலவிட வேண்டாத இடத்தில் கற்பனையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, செலவிட வேண்டிய இடத்தில் கையை விரித்துவிட்ட கதைகளைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் தேடுகிற புதிய பேய் அந்த வேண்டாத இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த வகை பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும். 1764 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் ஒரு கனவிலிருந்து விழித்தார். பழைய கோட்டை ஒன்றுக்குள் தான் இருந்ததும், அங்கே பெரிய படிக்கட்டின் உச்சிக் கைப்பிடிமேல் இரும்புக் கவசம் பூண்ட ஒரு ராட்சசக் கையைக் கண்டதும் மட்டுமே நினைவில் நின்றன. அன்று மாலையே எழுதத் தொடங்கினார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. இரண்டு மாதத்துக்குள் ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்ற நாவல் முடிந்தது. ஒரு நாள் மாலை ஆறு மணியளவில் தேநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தவர், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு விரல்கள் ஓய்ந்துபோய், கையில் இருந்த வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாமல் பேனாவை வைத்தாராம். 1765 மார்ச்சில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார்.

கனவு வந்தால்தான் எழுத முடியும் போலிருக்கிறதே என்று இதைப் படித்ததும் சோர்ந்துவிடாதீர்கள். கோதிக் கதைகளால், அதாவது இடைக்காலக் கதைகளால், நிரம்பிய தன் தலைக்கு அது மிக இயல்பான கனவுதான் என்று அதே கடிதத்தில் ஒரு சிறு குறிப்பும் போகிற போக்கில் வருகிறது. எனக்கு முக்கியம் அந்தக் குறிப்புதான். ஸ்டிராபெரி ஹில் என்ற தன் வீட்டை அவர் அதற்குள் பதினைந்து ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இடைக்காலக் கோட்டைபோல மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். கூர்முனை வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், படிக்கட்டை ஒட்டிப் பழைய இரும்பு அங்கிகளும் கேடயங்களும் வாள்களும் மாட்டிய ஓர் இடம். தினமும் ஏறி இறங்கிய படிக்கட்டு கனவில் வந்தது. தினமும் கண்ணில் பட்ட கவசம் பெரிதாகி வந்தது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அந்தக் கை நீளவில்லை.

இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் சொன்னதையும் பார்த்துவிடுவோம். முதல் பதிப்பு வந்தபோது அவர் தன் பெயரைப் போடவில்லை. 1529இல் நேப்பிள்ஸில் அச்சான ஒரு இத்தாலியப் புத்தகம் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்தது, அதன் மொழிபெயர்ப்பே இது என்று சாதித்தார். புத்தகம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் 1765இல் உண்மையை ஒப்புக்கொண்டு, ‘ஒரு கோதிக் கதை’ என்ற துணைத் தலைப்பையும் சேர்த்தார். இந்த வகைக்கே பெயர் வந்தது இப்படித்தான். பழைய காலத்துக் கதைகளில் எல்லாமே கற்பனை, நடக்க முடியாதவை. இன்றைய நாவல்களோ அன்றாட வாழ்க்கையை மட்டும் நகலெடுத்துக் கற்பனையின் ஊற்றை அணைபோட்டு நிறுத்திவிட்டன. தான் இரண்டையும் கலக்க முயன்றதாக அந்த முன்னுரை சொல்கிறது. எப்படிக் கலப்பது? நடக்க முடியாதது நடக்கட்டும், ஆனால் அதற்கு நடுவில் நிற்கும் ஆணும் பெண்ணும் உண்மையான மனிதர்கள் எப்படி நினைப்பார்களோ, பேசுவார்களோ, நடந்துகொள்வார்களோ அப்படியே இருக்கவேண்டும். இருநூற்று அறுபது ஆண்டுகள் ஆகியும் இந்த விதியை மிஞ்சிய ஒன்றை நான் கண்டதில்லை.

அவருடைய நாவலே இதை முழுக்கக் கடைப்பிடித்ததா என்றால் இல்லை. தொடக்கத்திலேயே வானத்திலிருந்து விழுந்ததுபோல ஒரு பிரம்மாண்டமான தலைக்கவசம் மணமகனை நசுக்கிக் கொன்றுவிடுகிறது. அதைப் படிக்கும்போது எனக்கு வியப்பு வருகிறது, பயம் வருவதில்லை. பயம் சில பக்கங்கள் தள்ளி வருகிறது. இஸபெல்லா என்ற பெண் கோட்டைக்கு அடியில் உள்ள சுரங்கவழியில் தப்பி ஓடுகிறாள். எங்கும் அமைதி. அவ்வப்போது வீசும் காற்றில், அவள் கடந்துவந்த கதவுகள் துருப்பிடித்த கீல்களில் கிறீச்சிடுகின்றன. பிறகு அதே காற்று அவள் கையிலிருந்த விளக்கை அணைத்துவிடுகிறது. இவ்வளவுதான். தலைக்கவசத்தைக் கற்பனை செய்தவர் வால்போல். அந்த இருட்டில் யார் நிற்கிறார்கள் என்று கற்பனை செய்தது நான். கோதிக் கதையில் ஆசிரியர் தன் கற்பனையை எதற்காகச் செலவிட வேண்டும் என்றால், படிக்கிறவரின் கற்பனையை எழுப்புவதற்காகத்தான்.

இருட்டு ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதை எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் 1757இலேயே ஆராய்ந்திருக்கிறார். எதையும் மிகப் பயங்கரமானதாக ஆக்கவேண்டும் என்றால் தெளிவின்மை அவசியம் என்றும், ஓர் ஆபத்தின் முழு அளவும் தெரிந்து கண்ணும் அதற்குப் பழகிவிட்டால் அச்சத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும் என்றும் அவர் எழுதினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதிலும் இதே கவனிப்புதான் இருக்கிறது. அந்தப் பழமொழியின் முதற்சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள். இருட்டு இருந்தால் போதாது, ஆள் முதலில் அரண்டிருக்க வேண்டும். பல கதைகள் முதல் வரியிலேயே விளக்கை அணைத்துவிடுகின்றன. யாரும் இன்னும் அரளவே இல்லை, அதற்குள் இருட்டு வந்து என்ன பயன்?

இதை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர் ஆன் ராட்கிளிஃப். 1794இல் வந்த அவருடைய ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ நாவலில் இத்தாலிய மலைகளும் கோட்டையும் பக்கம் பக்கமாக விரிகின்றன. ஆனால் அவர் இத்தாலிக்குப் போனதே இல்லை. பயணிகள் எழுதிய குறிப்புகளையும் இயற்கைக் காட்சி ஓவியங்களையும் வைத்துக்கொண்டு அந்த மலைகளை எழுப்பினார். அந்த நாவலில் எமிலி என்ற பெண் ஒரு அறையில் கறுப்புத் திரை போட்ட சட்டகம் ஒன்றைக் காண்கிறாள். திரையை விலக்குகிறாள். பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழுகிறாள். அவள் என்ன பார்த்தாள் என்று ராட்கிளிஃப் சொல்வதில்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை, அடுத்த அத்தியாயத்திலும் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கழித்து நாவலின் முடிவை நெருங்கும்போதுதான் அது மெழுகில் செய்த ஒரு பிண உருவம் என்று தெரிகிறது. அந்த விளக்கம் சப்பென்று இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் இடையில் கழிந்த அத்தனை பக்கங்களிலும் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தது என் சொந்தச் சரக்கு. வேறொரு வாசகருக்கு அவருடைய சரக்கு. எந்த ஆசிரியராலும் ஒவ்வொரு வாசகருக்கும் தனித்தனியாக ஒரு பயங்கரத்தைத் தைத்துக் கொடுக்க முடியாது. ஒரு திரை அதைச் செய்துவிடுகிறது.

ராட்கிளிஃப் 1823இல் இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வெளியான அவருடைய கட்டுரை ஒன்றில் திகிலும் கோரமும் நேர் எதிரானவை என்று வருகிறது. திகில் ஆன்மாவை விரித்து, புலன்களை உச்ச நிலைக்கு எழுப்புகிறது. கோரமோ அவற்றைச் சுருக்கி, உறையவைத்து, கிட்டத்தட்ட அழித்தேவிடுகிறது. தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு அந்நியமானதாக இருக்காது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் ஒரு மெய்ப்பாடு, அருவருப்பைக் குறிக்கும் இளிவரல் இன்னொரு மெய்ப்பாடு. அச்சம் பிறக்கும் நான்கில் முதலாவது, வருத்தும் தெய்வமாகிய அணங்கு. இளிவரல் பிறக்கும் நான்கில் மூப்பும் பிணியும் அடங்கும். அணங்குக்கு நடுங்குவதும் அழுகிப்போகும் உடலைக் கண்டு கூசுவதும் ஒன்றல்ல என்று இலக்கணமே இரண்டு கூடுகளில் பிரித்து வைத்திருக்கிறது. எழுதும்போது இந்தக் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வரி வாசகரை முன்னால் சாய்ந்து பார்க்க வைக்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கிறதா? இரண்டுக்கும் கதையில் இடமுண்டு. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அந்த நேரத்தில் எதையும் கற்பனை செய்வதில்லை.

அடுத்து, நீங்கள் சொன்ன பாழடைந்த மாளிகைக்கும் இடிமின்னலுக்கும் வருகிறேன். இந்தச் சலிப்பு உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. வால்போலின் நாவல் வந்து முப்பத்து மூன்று ஆண்டுகள்கூட நிறையும் முன்பே, 1797இல், இங்கிலாந்தில் பெயர் போடாத ஒருவர் இந்த வகை நாவல்களுக்கு ஒரு சமையல் குறிப்பு எழுதி அச்சேற்றிவிட்டார். பாதி இடிந்த பழைய கோட்டை ஒன்று. நிறையக் கதவுகளும் சில ரகசியக் கதவுகளும் உள்ள நீண்ட நடைக்கூடம் ஒன்று. புதிதாகக் கொல்லப்பட்ட பிணங்கள் மூன்று. பெட்டிகளிலும் அலமாரிகளிலும் அதே எண்ணிக்கையில் எலும்புக்கூடுகள். சத்தங்கள், முணுமுணுப்புகள், முனகல்கள் குறைந்தது அறுபது. எல்லாவற்றையும் கலந்து மூன்று பாகமாக்கித் தூங்கப் போகும்முன் உட்கொள்ளவும். அன்றைக்கே அது தேய்ந்த பாதை. நீங்கள் அந்தக் கோட்டையைக் கைவிடலாம். அது கதையில் பார்த்துவந்த வேலையைக் கைவிட முடியாது. கோட்டை என்ன வேலை பார்த்தது? உள்ளே வந்தவர் எளிதில் வெளியேற முடியாதபடி செய்தது. ஒரே ஒருவரின் சொல் அங்கே சட்டமாக இருந்தது. முன்னோர் செய்த ஏதோ ஒன்று அதன் சுவருக்குள் முடியாமல் கிடந்தது. இந்த மூன்றும் இருக்கிற எந்த இடமும் கோதிக் கதைக்குப் போதும். மருத்துவமனையின் ஒரு தளம் போதும், வாடகைக் குடியிருப்பு போதும், திருமணமாகிப் போன வீடு போதும். பழைய பொருளை விட்டுவிட்டு அதன் வேலையை மட்டும் புதிய இடத்துக்கு எடுத்துவருவதில்தான் இங்கே கற்பனை தேவைப்படுகிறது.

இனி ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதிய மேரி ஷெல்லி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசவேண்டும், ஏனென்றால் கற்பனை எங்கிருந்து வருகிறது என்பதை இவரைப்போல நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் வாயுக்களும் வானில் பரவியதால் 1816இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழையால் வீட்டுக்குள் முடங்கிய சில நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான மேரிக்கு அப்போது பதினெட்டு வயது. கதை கிடைத்ததா என்று தினமும் காலையில் கேட்பார்களாம். இல்லை என்று ஒவ்வொரு நாளும் கூச்சத்தோடு சொல்லவேண்டியிருந்ததாம். உங்கள் நிலைமைதான். பிறகு ஒரு நாள் இரவு, உயிரின் ரகசியத்தைப் பற்றி நடந்த நீண்ட உரையாடலைக் கேட்டுவிட்டுப் படுத்தபோது, தான் உருவாக்கியதன் அருகே மண்டியிட்டிருக்கும் ஒரு மாணவனை மனக்கண்ணில் கண்டார். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் வெளிவந்தது.

1831 பதிப்பின் முன்னுரையில் அவர் எழுதியதை எழுத ஆசைப்படுகிற எல்லாரும் படிக்கவேண்டும். புனைவு என்பது வெறுமையிலிருந்து படைப்பதில்லை, குழப்பத்திலிருந்து படைப்பது என்பதைப் பணிவோடு ஒப்புக்கொண்டாக வேண்டும் என்கிறார். பொருள் முதலில் கையில் இருக்கவேண்டும். கற்பனையால் உருவமற்ற பொருளுக்கு உருவம் கொடுக்க முடியும், பொருளையே உண்டாக்க முடியாது.

அவர் கையில் இருந்த பொருள் என்ன? அறிவியல் உரையாடல்கள் மட்டும்தானா? அவரைப் பெற்ற தாய், பெற்ற சில நாட்களிலேயே இறந்துபோனவர். 1815 பிப்ரவரியில் அவருக்கே ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. இரண்டு வாரம் போல உயிரோடு இருந்து இறந்தது. அந்த மார்ச் மாதத்தில் அவர் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதியிருக்கிறார். குழந்தை மறுபடி உயிரோடு வந்துவிட்டது. அதற்கு வெறும் குளிர்தானாம். நெருப்புக்கு அருகே வைத்துத் தேய்த்துவிட்டார்களாம், பிழைத்துக்கொண்டதாம். விழித்தால் குழந்தை இல்லை.

இந்தக் குறிப்பை எத்தனையோ முறை படித்துவிட்டேன், இன்னும் சாதாரணமாகக் கடந்துபோக முடிந்ததில்லை. நாவலுக்குக் காரணம் இதுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கோதிக் கற்பனை எப்படி இயங்குகிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இறந்தது மறுபடி உயிர்பெற வேண்டும் என்பது துக்கத்தில் இருக்கிற எந்த மனிதருக்கும் வரும் ஆசை. ஆசை வரும்போது நாம் அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். அந்தக் கற்பனை அடுத்த அடியை எடுத்துவைக்கிறது: சரி, உயிர்பெற்றுவிட்டது. கண்ணைத் திறந்து உன்னைப் பார்க்கிறது. நீ அதைக் கண்டு அருவருத்து ஓடிப்போகிறாய். இனி அது எங்கே போகும்? யாரைத் தேடும்? நாவல் முழுக்க இந்தக் கேள்விகளின் விளைவுதான். ஆசையைக் கைவிடாமல், அதைக் கடைசிவரை நிறைவேற்றிப் பார்க்கும் துணிவு என்று நான் இதைச் சொல்வேன்.

உங்களுக்கும் அதனால்தான் சொல்கிறேன், எதற்குப் பயப்படுகிறோம் என்று பட்டியல் போடாதீர்கள். உங்கள் பாத்திரம் எதற்கு ஏங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். போனவர் திரும்பி வரவேண்டும், இந்த வீடு எனக்கே வரவேண்டும், யாரும் என்னை விட்டுப் போகக்கூடாது, நான் செய்தது யாருக்கும் தெரியக்கூடாது. இவற்றில் எதையாவது ஒன்றை எந்தக் குறையும் வைக்காமல் நிறைவேற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேய் தானாகவே வந்து சேரும். வராவிட்டாலும் கதை நிற்கும்.

தகவலுக்கும் கற்பனைக்கும் பகை என்று நினைப்பவர்களுக்கு பிராம் ஸ்டோக்கரை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1897இல் வந்த ‘டிராகுலா’வுக்காக அவர் ஏழு ஆண்டுகள் போல வேலை செய்தார். டிரான்சில்வேனியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்டு நம்பிக்கைகளைப் பற்றிய கட்டுரைகளைப் படித்தார், 1890இல் விட்பி என்ற கடலோர ஊரின் நூலகத்தில் ஒரு பழைய நூலிலிருந்து டிராகுலா என்ற பெயரைக் குறித்துக்கொண்டார், ரயில் நேரங்களைக்கூட எழுதி வைத்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் இன்றும் பிலடெல்பியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரத்தக் காட்டேரிக்கு எதற்கு ரயில் கால அட்டவணை? ரயில் சரியான நேரத்துக்கு வருகிற உலகத்தில்தான் சவப்பெட்டியிலிருந்து எழுகிற ஒருவன் பயங்கரமானவன்.

அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த திகில் காட்சியில் ரத்தமே கிடையாது. கோட்டையில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் ஹார்க்கர் ஒரு நாள் சத்தமில்லாமல் தன் அறைக்கு வருகிறான். டிராகுலா பிரபு அவனுடைய படுக்கையைத் தட்டி விரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கதவுக் கீலின் இடுக்கு வழியாகப் பார்த்தால், அதே பிரபு சாப்பாட்டு மேசையில் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறார். ஹார்க்கருக்கு அப்போது புரிகிறது: இத்தனை நாளும் இந்தக் கோட்டையில் வேலையாட்களே இல்லை. அப்படியானால் தன்னை இங்கே அழைத்துவந்த வண்டியை ஓட்டியதும் இவர்தான். இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். படுக்கை விரிப்பது, தட்டு வைப்பது: உலகத்தில் இவற்றைவிடச் சாதாரணமான வேலைகள் இல்லை. ஆனால் அந்த மனிதன் அந்த வேலையைச் செய்யும்போது கோட்டை முழுவதும் சட்டென்று காலியாகிவிடுகிறது. அவர் சுவரில் தலைகீழாக இறங்கும் காட்சியை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். என் மனத்தில் படுக்கை விரிக்கிற கைகள்தான் நிற்கின்றன.

பாத்திரங்களின் கற்பனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1938இல் வந்த டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’வில் பேய் கிடையாது. ரெபெக்கா கதை தொடங்கும் முன்பே இறந்தவள், ஒரு காட்சியிலும் நேரில் வருவதில்லை. அந்த வீட்டுக்கு இரண்டாம் மனைவியாக வந்த பெண்தான் கதையைச் சொல்கிறாள். அவளுக்குக் கடைசிவரை பெயரே கொடுக்கப்படவில்லை. இறந்தவளின் கையெழுத்து, கைக்குட்டை, நாற்காலி, பூச்சாடி வைக்கும் முறை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அவளே தன் மனத்தில் ஒரு ரெபெக்காவைக் கட்டி எழுப்புகிறாள். அந்த ரெபெக்கா உண்மையானவளைவிட அழகானவள், வலிமையானவள். ஆவியைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விட்டவளே அவள்தான் என்று சொல்லலாம். பேய் எதுவும் தோன்றவில்லையே என்று கவலைப்படும் உங்களுக்கு இது நல்ல வழி: கற்பனை செய்கிற பொறுப்பைப் பாத்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அவள் எதைப் பார்த்து எதைக் கற்பனை செய்கிறாள் என்பதைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டே போங்கள்.

இனி என் மேசையிலிருந்து ஒரு துண்டு. இறந்துபோன அக்காவின் வீட்டுக்குத் தனியாக வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொண்டிருந்தேன். வீடு ஓராண்டாகப் பூட்டிக் கிடக்கிறது. முதல் வரைவு இப்படி இருந்தது:

“கதவைத் திறந்ததும் சில்லென்ற காற்று முகத்தில் அறைந்தது. இருண்ட கூடத்தின் மூலையில் வெள்ளை உருவம் ஒன்று அசைவதுபோல் இருந்தது. அவள் உடல் பயத்தில் நடுங்கியது.”

மூன்று வாக்கியங்கள், மூன்றும் கடன் வாங்கியவை. இந்த வீட்டில் யார் இருந்தார்கள், வந்தவள் யார் என்று இவற்றிலிருந்து எதுவுமே தெரியாது. பயந்தாள் என்று நானே சொல்லிவிட்டதால் வாசகருக்குப் பயப்பட வேலையும் இல்லை. இரண்டாம் வரைவில் உருவத்தை எடுத்துவிட்டு, நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஒன்றை வைத்தேன். அதுவும் பழகிப்போன சங்கதிதான். இறப்பு வீட்டில் கடிகாரம் நின்றிருப்பதை எத்தனை கதைகளில் பார்த்துவிட்டோம். பல நாள் கிடப்பில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தபோதுதான் கேட்டேன்: நின்றிருக்காவிட்டால்?

“கூடத்தில் எல்லாவற்றின்மேலும் தூசி படிந்திருந்தது. நாற்காலியின் கைகளில், மேசைமேல் கிடந்த கண்ணாடிக் கூட்டில், அக்கா பாதி படித்து மடக்கி வைத்த புத்தகத்தில். அவள் மேசையை விரலால் துடைத்துப் பார்த்தாள். பிறகு அந்தச் சத்தம் வெகுநேரமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை உணர்ந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. அது சாவி கொடுக்கும் கடிகாரம். ஒரு முறை கொடுத்தால் எட்டு நாள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஸ்டூல் போட்டு ஏறிச் சாவி கொடுப்பாள். சாவி ஆணியில் தொங்கியது. அதில் மட்டும் தூசி இல்லை.”

இதில் நான் கற்பனை செய்தது மிகக் குறைவு. எட்டு நாள் ஓடும் கடிகாரம் உண்மையில் உண்டு. தூசி எல்லா வீட்டிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் எத்தனையோ வீடுகளில் பார்த்தது. ஆனால் எட்டு என்ற எண் வந்தவுடன் வாசகர் தானாகவே கணக்குப் போடுகிறார்: அப்படியானால் கடந்த எட்டு நாளுக்குள் யாரோ இங்கே வந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை நான் எழுதவில்லை. முதலில் எழுதியிருந்தேன், “யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவள் அதிர்ந்தாள்” என்று. அடித்துவிட்டேன். வாசகர் தன் மனத்துக்குள் போட்ட கணக்கை நான் வாங்கி உரக்கச் சொல்வது அவரிடமிருந்து பிடுங்குவது ஆகிவிடும். ஹென்றி ஜேம்ஸ் 1908இல் தன் பேய்க்கதை ஒன்றைப் பற்றி எழுதிய முன்னுரையில் இதைத்தான் அழகாகச் சொன்னார்: தீமையை வாசகனையே நினைக்கவை, தனக்குத்தானே நினைத்துக்கொள்ளட்டும், பலவீனமான விவரிப்புகளிலிருந்து நீ விடுபட்டுவிடுவாய்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அந்தப் பெண் ஓடிப்போவதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆனால் அவள் ஏங்குவது அக்காவுக்காக. அதனால் அவள் ஓடுவதில்லை. பையைக் கீழே வைக்கிறாள், மெதுவாக “அக்கா” என்று கூப்பிடுகிறாள். இந்த ஒரு சொல் வந்த பிறகுதான் கதை தன் சொந்தக் காலில் நடக்கத் தொடங்கியது.

அமானுஷ்யம் கட்டாயமா என்று சிலர் கேட்பதுண்டு. கட்டாயமில்லை. மேலே சொன்ன ‘ரெபெக்கா’வே போதிய சாட்சி.

கடைசியில் விளக்கவேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. வாசகருக்கு விளக்கலாம், விளக்காமலும் விடலாம். ராட்கிளிஃப் விளக்கினார், வால்போல் விளக்கவில்லை, இரண்டும் நின்றன. ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விடுவதற்கும் தெரிந்து மறைப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு வரியிலும் வெளிப்பட்டுவிடும். திரைக்குப் பின்னால் ஒன்றும் இல்லாதவருக்குத் திரையை எந்தப் பக்கம் மடிப்பது என்றே தெரியாது. விவரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். முதல் பக்கத்தில் குளிர்ந்த அறை ஐந்தாம் பக்கத்தில் காரணமில்லாமல் வெதுவெதுப்பாக இருக்கும். வாசகர் அதைக் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டாலும் நம்பிக்கை விட்டுப்போகும். அதனால் கதையில் சேர்க்காத பக்கம் ஒன்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். உண்மையில் என்ன நடந்தது, யார் எப்போது எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று எந்த அலங்காரமும் இல்லாமல் அதில் எழுதிவிடுவேன். கற்பனைக்கு நான் கொடுக்கும் மிகக் கடினமான வேலை அந்தப் பக்கம்தான்.

கடிகாரக் கதைக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. கதையின் முடிவில் அந்தப் பெண் எட்டு நாள் அந்த வீட்டிலேயே தங்குகிறாள். சாவியைத் தொடுவதில்லை. எட்டாம் நாள் இரவு கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருகிறாள், சத்தம் மெல்ல மெல்லத் தளர்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு எழுந்துபோய் அந்த ஸ்டூலைக் கொண்டுவந்து கடிகாரத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள்.